ஆறு மணிக்கு மணி அடிக்கும்

கேள்வி: டிசம்பர் 20-ந்தேதி நானும் கணவரும், 14 வயது மகள், 9 வயது மகனுடன் ஒரு வாரம் ஐஸ்லாந்து போகிறோம். ரெய்க்யவிக்கில் வீடு எடுத்திருக்கிறோம், காருக்கும் சொல்லியாகிவிட்டது. அங்கே டிப்ஸ் கொடுக்க வேண்டுமா, வெந்நீர்க் குளத்தில் இறங்கும் முன் உடையில்லாமல் குளிக்க வேண்டும் என்கிறார்களே உண்மையா, பெரியவர்களை எப்படிக் கூப்பிடுவது என்றெல்லாம் குழப்பம். நாங்கள் சைவம். கணவருடன் ஆன்லைனில் வேலை பார்க்கும் ஒருவர் 24-ந்தேதி சாயங்காலம் ஆறு மணிக்கு அவருடைய அம்மா வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார் (அவர் அப்பா மார்ச்சில் தவறிவிட்டாராம்). அன்றைக்குக் கடை, ஹோட்டல் எல்லாம் மூடியிருக்குமாம், அதனால் சரி என்று சொல்லிவிட்டோம். ஏழு, ஏழரைக்குக் கிளம்பினால் ஊருக்கு வெளியே போய், ராத்திரி வானத்தில் தெரியும் துருவ ஒளியைப் பார்த்துவிடலாம் என்பது கணவரின் திட்டம். தப்பாக நினைப்பார்களா? சாவு விழுந்த வருஷத்தில் அந்த வீட்டில் பண்டிகைச் சாப்பாடு சாப்பிடலாமா என்று மாமியார் வேறு கேட்கிறார்.
- ஒரு வாசகி, கோவை

பதில்: உங்கள் கடிதம் நாலு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். குளிர் ஜாக்கெட்டுக்கு முக்கால் பக்கம் போயிருக்கிறது. உப்புமா பாக்கெட் எத்தனை எடுத்துப் போவது என்பதற்குப் பத்து வரி. ஒரு மனிதருடைய அப்பா செத்துப்போனதற்கு ஓர் அடைப்புக்குறி.

ஜாக்கெட்டைப் பற்றிக் கடைக்காரரே சொல்லிவிடுவார். நான் அந்த அடைப்புக்குறியைப் பற்றிப் பேசுகிறேன்.

ஐஸ்லாந்தில் கிறிஸ்துமஸ் பிறப்பது 24-ந்தேதி மாலை ஆறு மணிக்கு. நாள் என்பது சாயங்காலத்தில் தொடங்கும் என்ற பழைய கணக்கு இந்த ஒரு விஷயத்தில் இன்னும் அங்கே நிற்கிறது. மதியத்துக்கு மேல் கடைகள் ஒவ்வொன்றாக மூடும். பேருந்தும் ஓய்ந்துவிடும். ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டில் எல்லாரும் குளித்து, இருப்பதில் நல்ல துணியை உடுத்தி, மேசையைத் தயார் செய்து, ரேடியோவைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். ஆறு அடித்ததும் ரெய்க்யவிக் பேராலயத்தின் மணியோசை தேசிய வானொலியில் வரும். 'க்லேதிலெக் யோல்' என்று ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு வாழ்த்திய பிறகுதான் கரண்டியைத் தொடுவார்கள்.

நான் இதைப் பார்த்திருக்கிறேன். என் அக்கா மகள் அங்கே மூன்று வருஷம் வேலை பார்த்தாள். மூன்றாம் வருஷம் நான் போயிருந்தபோது மாடி வீட்டுக்காரர்கள் எங்களை அந்த ராத்திரிக்குக் கூப்பிட்டார்கள். முதல் இரண்டு வருஷமும் கூப்பிடவில்லை, அதில் அவளுக்கு வருத்தமும் இல்லை. அந்த இரவு அங்கே வீட்டு மனிதர்களுக்கானது, சாதாரணமாக வெளியாளைச் சேர்க்கமாட்டார்கள். நாங்கள் ஐந்தே முக்காலுக்கு மேலே போனோம். அந்த வீட்டுப் பையனுக்குத் தலை ஈரம் காயவில்லை, வெள்ளைச் சட்டைக் காலரில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவனுடைய அப்பா, ஆறடிக்கு மேல் உயரம், ரேடியோவின் மேல் ஒரு கையை வைத்தபடி நின்றிருந்தார். மணி அடித்து முடிகிறவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் அதற்குச் சொன்ன காரணம், ஹோட்டல் மூடியிருக்கும், அதனால் சரி.

உங்கள் வீட்டில் பெரியவர் ஒருவர் போய், ஒன்பது மாதம் கழித்து வருகிற தீபாவளிக்கு ஒரு குடும்பம் வருகிறது என்று வையுங்கள். 'அன்னபூர்ணா லீவாம், அதான் வந்தோம், ஏழரைக்குப் படம் இருக்கிறது' என்று சொல்லிக்கொண்டு இலையில் உட்கார்ந்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என் வீடாக இருந்தால் சாப்பாடு போட்டிருப்பேன். அடுத்த வருஷம் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

உங்கள் மாமியார் கேட்டதுதான் மொத்தக் கடிதத்திலும் உருப்படியான கேள்வி. உங்கள் வீட்டில் அந்தச் சாவை நினைத்துப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். ஆகையால் அவருக்கு முதலில் பதில் சொல்கிறேன். அம்மா, நம் பக்கம் அந்த வருஷம் பண்டிகை கிடையாது, பலகாரச் சட்டி அடுப்பேறாது. அவர்கள் வழக்கம் வேறு. அவர்கள் விளக்கைக் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். அட்வென்ட் காலத்திலேயே, அதாவது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு வாரத்திலேயே, சமாதிகளில் சிறு சிறு மின்விளக்குச் சிலுவைகளை வைத்துவிடுவார்கள். 24-ந்தேதி பகலில் குடும்பத்தோடு போய் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். ரெய்க்யவிக்கில் ஃபோஸ்வோகுர் என்ற பெரிய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அன்றைக்கு அந்தச் சாலையில் கார்கள் ஊர்ந்துதான் போகும். சூரியன் அங்கே பதினொன்றரை மணி வாக்கில் வந்து மூன்றரைக்கு விழுந்துவிடும். அந்த நீல இருட்டில், பனிக்கு நடுவே, வரிசை வரிசையாக விளக்கு. நம் கார்த்திகை நினைவு வந்து எனக்குத் தொண்டை அடைத்தது. இறந்தவரைப் பார்த்துவிட்டு வந்துதான் அவர்கள் பண்டிகை கும்பிடுகிறார்கள். அந்த வீட்டில் தாராளமாகச் சாப்பிடலாம்.

இப்போது உங்களுக்கு. அந்த மனிதர் இந்த வருஷம் முதல் தடவையாகத் தன் அப்பாவின் பெயர் எழுதிய கல்லுக்கு விளக்கு வைத்துவிட்டு வந்து உங்களுக்குக் கதவு திறப்பார். மேசையில் ஓர் இடம் காலியாக இருக்கும். அம்மா அதையே பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, சின்னப் பையன் ஒருவன் சத்தம் போட்டுக்கொண்டு அங்கே உட்காரட்டும் என்று அவர் நினைத்திருப்பார் என்பது என் ஊகம். ஊகம் தப்பாகவே இருக்கட்டும். அப்படி எண்ணிக்கொண்டு போனால் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

ஏழரைக்குக் கிளம்புவது பற்றி. ஏழரைக்கு அங்கே சாப்பாடே முடிந்திருக்காது. பல வீடுகளில் பால்சோறு மாதிரி ஒரு அரிசிப் பாயசம் உண்டு. அதற்குள் ஒரே ஒரு முழு பாதாம் ஒளிந்திருக்கும். யார் கிண்ணத்தில் வருகிறதோ அவருக்குப் பரிசு. கெட்டிக்காரர்கள் அதைக் கன்னத்துக்குள் ஒதுக்கி வைத்துக்கொண்டு கடைசிவரை மற்றவர்களைத் தேடவிடுவார்கள். பிறகு பாத்திரம் கழுவ வேண்டும். பிள்ளைகள் மரத்தடிப் பொட்டலங்களைப் பார்த்துக்கொண்டு தவித்துக் கிடப்பார்கள், பெரியவர்கள் வேண்டுமென்றே மெல்லத் துடைப்பார்கள். அதற்கப்புறம்தான் பரிசு பிரிப்பது. அதில் புத்தகம் இல்லாமல் இருக்காது. 1944-லிருந்து, போர்க்காலத்தில் வெளிநாட்டுச் சாமான் வரத்து சுருங்கியிருந்தபோது பிடித்த வழக்கம் இது. புதுப் புத்தகங்களின் பட்டியல் அச்சாகி வரும், ஆண்டின் புத்தக விற்பனையில் பெரும்பங்கு இந்தச் சில வாரங்களில் நடக்கும். ராத்திரி படுக்கையில் அவரவர் புத்தகத்தைத் திறந்துகொண்டால் அன்றைய நாள் முடிந்தது. நீங்கள் புத்தகம் திறக்கும் வேளைக்குச் சற்று முன்னால் எழுந்தால் சரியாக இருக்கும்.

கணவருக்கு ஒன்று சொல்ல வேண்டும், அவரிடம் படித்துக் காட்டுங்கள். நான்கு லட்சம் பேர்கூட இல்லாத, ராணுவமே இல்லாத நாடு அது. பனியில் மாட்டிக்கொண்டவரை மீட்க வருகிறவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள். தச்சர், வாத்தியார், மீன் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவர். கடலில் போன மீனவர்களுக்காக 1928-ல் ஆரம்பித்த சங்கத்தின் வழியில் இன்றைக்கும் நாடு முழுக்க மீட்புக் குழுக்கள் இருக்கின்றன. புத்தாண்டுக்கு வாணவேடிக்கை விற்றுத்தான் கயிறும் வண்டியும் வாங்குகிறார்கள். 24-ந்தேதி இரவு எட்டு மணிக்கு, பனிச்சாலையில் ஓட்டிப் பழகாத ஒருவர் பள்ளத்தில் சக்கரத்தை விட்டுவிட்டு அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் யாரோ ஒருவர் வெள்ளைச் சட்டையோடு, சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வருவார். முகம் சுளிக்காமல் வருவார். அவர் பிள்ளை பரிசைப் பிரிக்காமல் காத்திருக்கும். துருவ ஒளி தேதி பார்த்து வருவதில்லை, மேகம் விலகினால்தான் கண்ணுக்குத் தெரியும். மேகம் எங்கே இல்லை என்பதை அந்த நாட்டு வானிலை நிலையம் தினமும் படமாகப் போடுகிறது. பார்த்துவிட்டு வேறு ராத்திரி போங்கள்.

மற்றவை. சைவம் என்பதை இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள். 24-ந்தேதி மேசையில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் அந்த அம்மா திகைத்துப்போவார். கொட்டைப் பருப்புகளை அரைத்துச் சுடுகிற ஒரு பண்டம் அங்கே சைவக்காரர்களின் கிறிஸ்துமஸ் சாப்பாடாகவே இருக்கிறது, முன்கூட்டித் தெரிந்தால் செய்துவிடுவார்கள். உப்புமா பாக்கெட்டை அந்த வீட்டுக்குக் கொண்டு போகாதீர்கள். 'லோய்வாப்ரோய்த்' என்கிற இலை ரொட்டி வரும். அப்பளம் போலத் தேய்த்த மாவு வட்டத்தில், குடும்பமே உட்கார்ந்து கத்தி முனையால் கோலம் கீறிப் பொரிப்பது. மாடி வீட்டுப் பாட்டி தேய்த்த வட்டத்துக்கு அடியில் மேசைவிரிப்பின் பூ தெரிந்தது. சாப்பிடும் முன் எதில் பொரித்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஆட்டுக்கொழுப்பில் பொரிக்கிற பழைய வழக்கம் உண்டு.

அந்த அம்மாவுக்கு ஒரு பருத்திச் சேலையோ சால்வையோ கொண்டு போங்கள். கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி கிடைக்காதவரைப் பிடித்துத் தின்ன ஒரு ராட்சசப் பூனை அங்கே மலையிலிருந்து இறங்கும். பண்டிகைக்குள் கம்பளி வேலையை முடிக்கச் சொல்லிப் பண்ணையில் மிரட்டுவதற்குப் பிறந்த கதை என்பார்கள். 'பூனைக்காகக் கொண்டுவந்தேன்' என்று சொல்லிக் கொடுங்கள், சிரித்துவிடுவார். உங்கள் மகன் ராத்திரி ஜன்னலோரம் ஒரு செருப்பை வைக்கட்டும். பதின்மூன்று குறும்புக்காரச் சகோதரர்கள் 12-ந்தேதியிலிருந்து தினம் ஒருவராக மலையிலிருந்து வந்து செருப்பில் ஏதாவது போட்டுவிட்டுப் போவார்கள். நீங்கள் போய்ச் சேருவதற்குள் ஜன்னல் எட்டிப் பார்ப்பவன், கதவிடுக்கில் மோப்பம் பிடிப்பவன், கொக்கி போட்டு இறைச்சி திருடுபவன், மெழுகுவர்த்தி கேட்பவன் என்று நாலு பேர் பாக்கி இருப்பார்கள். பையன் அடம் பிடித்தால் அழுகின உருளைக்கிழங்கு. போட வேண்டியது நீங்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

பெயர். எழுபது வயது அம்மாவையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். ஜனாதிபதியையே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். யோன் என்பவரின் மகன் யோன்சொன், மகள் யோன்ஸ்தோத்திர், அவ்வளவுதான். நம் இனிஷியல் மாதிரி அப்பா பெயர் கூட வரும், கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்கு அது மாறாது. 'ஆன்ட்டி' வேண்டாம். சாப்பிட்டு எழும்போது 'தாக் ஃபிரிர் மிக்' என்று சொல்லுங்கள். எனக்காக நன்றி, அதாவது எனக்குச் சாப்பாடு போட்டதற்கு.

டிப்ஸ் யாரும் எதிர்பார்ப்பதில்லை. நம் வீடு மாதிரியே வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், ஓட்டையில்லாத சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

குளம் பற்றிக் கேட்டது உண்மைதான். குளத்தில் குளோரின் கொஞ்சம்தான் போடுவார்கள். அதனால் ஒவ்வொருவரும் சோப்புப் போட்டு, உடையில்லாமல் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். உடம்பில் எங்கெல்லாம் தேய்க்க வேண்டும் என்று சிவப்படித்த படம் சுவரிலேயே இருக்கும். நான் நீச்சலுடையோடு இரண்டு செம்பளவு தண்ணீரைத் தெளித்துக்கொண்டு நைசாக நழுவப் பார்த்தேன். காவலுக்கு நின்ற பெண் விரலால் திரும்பிப் போகச் சொன்னாள். அறுபது வயதில் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி திரும்பிப் போனேன். அங்கே ஒருவரும் ஒருவரைப் பார்ப்பதில்லை. மகள் கூச்சப்பட்டால் திரை போட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள், சில குளங்களில் உண்டு.

இதைப் படித்ததும் கணவரை அந்த நண்பருக்கு போன் போடச் சொல்லுங்கள். முதலில் அப்பாவைப் பற்றி விசாரிக்கட்டும், பெயரையும் கேட்டுக்கொள்ளட்டும். 24 மதியம் கல்லறைக்குப் போகும்போது நாங்களும் வரட்டுமா என்று கேட்கட்டும். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். வரச் சொன்னால் மெழுகுவர்த்தி ஒன்று 23-ந்தேதியே வாங்கி வையுங்கள். மறுநாள் மதியத்துக்கு மேல் ஓடினால் கடை மூடியிருக்கும்.

கார் சாவியை அன்றைக்குச் சாயங்காலம் நீங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.