பூங்காக் காவலரின் பி.எஃப். பணமும் நிரந்தர வேலைத் தரகரும்

கேள்வி: மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் ஆறு ஆண்டுகளாகக் காவலராக இருக்கிறேன். இதற்குள் மூன்று ஒப்பந்ததாரர்கள் மாறிவிட்டார்கள். நான் மட்டும் அதே கேட்டில் நிற்கிறேன். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். அதில் பி.எஃப்.புக்கு என்று 2,880 ரூபாய் பிடிக்கிறார்கள். மகள் செல்போனில் பார்த்தபோது, கணக்கில் சில மாதப் பணம்தான் ஏறியிருக்கிறது. சூப்பர்வைசருக்கு வேண்டிய ஒருவர், மூன்று லட்சம் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்கித் தருவதாகவும், முன்பணமாக 50,000 இந்த மாதமே வேண்டும் என்றும் சொல்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா? (ஊரும் பெயரும் வேண்டாம், கொங்கு மண்டலம்.)

பதில்: நகை வீட்டிலேயே இருக்கட்டும், ஐயா. ஒப்பந்ததாரரின் ஆளாகப் பூங்காவில் நிற்கும் ஒருவரை மாநகராட்சியின் நிரந்தரப் பணியாளராக மாற்றும் அதிகாரம் சூப்பர்வைசருக்கும் இல்லை, அவருக்கு வேண்டியவருக்கும் இல்லை, அவர் காதோடு காதாகப் பெயர் சொல்லும் அலுவலருக்கும் இல்லை. முறையான தேர்வு இல்லாமல் வேலைக்கு வந்தவர், எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், நிரந்தரத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று 2006 ஏப்ரலில் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லிவிட்டது. அது போதாதென்று, மாநகராட்சிகளின் கடைநிலை வேலைகளை வெளி ஆட்களைக் கொண்டு செய்துகொள்ளும் போக்கை 2022இல் வந்த அரசாணை 152 இன்னும் உறுதியாக்கிவிட்டது. பணியிடமே இல்லாத இடத்தில் உங்களை எதில் நிரந்தரமாக்குவார் என்று அந்த மனிதரிடம் ஒரு முறை கேட்டுப் பாருங்கள்.

இந்தத் தரகர்கள் பேசும் முறை கோவையிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் ஒன்றுதான். காந்திபுரத்தில் சிறை வளாகத்து நிலத்தில் செம்மொழிப் பூங்கா திறந்தது போல எங்காவது ஒரு புதிய பூங்கா வந்தால், அங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று கிளம்புவார்கள். எதுவும் வராவிட்டால், 24 மாதங்களில் 480 நாள் வேலை செய்தவர் நிரந்தரம் என்று சொல்லும் தமிழ்நாட்டின் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தை நகலெடுத்துக் காட்டுவார்கள். அந்தச் சட்டம் உண்மையானதுதான். ஆனால் அதன்படி கேட்பதற்குத் தொழிலாளர் துறையில் மனுக் கொடுக்க வேண்டும், அதற்கு லட்சக்கணக்கில் கட்டணம் எதுவும் கிடையாது, 480 நாள் வேலை செய்தது மாநகராட்சியிடமா, ஒப்பந்ததாரரிடமா என்ற கேள்வியில்தான் ஒப்பந்தத் தொழிலாளியின் வழக்கு சிக்கிக்கொள்ளும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். ஊழல் தடுப்புச் சட்டத்தில் 2018இல் வந்த திருத்தத்தின்படி, லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான். கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். அதாவது, உங்கள் 50,000 போன பிறகு காவல் நிலையத்துக்குப் போகவும் நீங்கள் அஞ்ச வேண்டியிருக்கும், அந்த அச்சத்தை நம்பித்தான் அவர் தொழிலே நடத்துகிறார்.

இனி பி.எஃப். விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கேட்காத ஒரு திருட்டு உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. தொழிலாளியின் பங்கு சம்பளத்தில் 12 சதவீதம், 12,000 ரூபாய்க்கு 1,440 ரூபாய். வேலை கொடுப்பவர் தம் கையிலிருந்து இன்னொரு 12 சதவீதம் போட வேண்டும். உங்களிடம் 2,880 பிடிக்கிறார்கள் என்றால், அவருடைய பங்கையும் உங்கள் வயிற்றிலிருந்தே எடுக்கிறார்கள் என்று பொருள். இதற்குச் சட்டத்தில் இடமே கிடையாது. பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம். தொழிலாளியின் பங்கைப் பிடித்துவிட்டுச் செலுத்தாதவர் நம்பிக்கை மோசடி செய்தவராகக் கருதப்படுவார் என்று குற்றவியல் சட்டமே சொல்கிறது.

உங்கள் யு.ஏ.என்., அதாவது பி.எஃப். உறுப்பினருக்கான நிலையான அடையாள எண், பன்னிரண்டு இலக்க எண். ஒப்பந்ததாரர் எத்தனை பேர் மாறினாலும் அந்த எண் மாறக் கூடாது. மூன்று பேர் மாறியிருக்கிறார்கள் என்பதால், மூன்று எண்கள் உங்கள் பெயரில் கிடக்கின்றனவா என்பதை முதலில் பாருங்கள். பணம் காணாமல் போனதாக நினைக்கும் பலருக்கு அதில் ஒரு பகுதி பழைய எண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும். கணக்கில் பதிவு செய்த செல்போனிலிருந்து 9966044425 என்ற எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தால் இருப்புத் தொகை குறுஞ்செய்தியாக வரும். ஆனால் சூப்பர்வைசர் தம் எண்ணையே எல்லோருக்கும் பதிவு செய்து வைத்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் வராது. ஆதாரையும் செல்போனையும் எடுத்துக்கொண்டு பி.எஃப். அலுவலகத்துக்கு நேரில் போய் அதை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த ஒரு வேலைக்கும் முந்நூறு, ஐந்நூறு என்று வாங்கும் கடைகள் அலுவலக வாசலிலேயே இருக்கும். கடவுச்சொல்லை அவர்கள் கையில் கொடுப்பது வீட்டுச் சாவியைச் சந்தையில் தொங்கவிடுவது போன்றது.

அடுத்து, ஒப்பந்ததாரர் ஒவ்வொரு மாதமும் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் பணம் கட்டி, அதற்கான மின்னணுச் செலானை எடுக்க வேண்டும்; யார் யாருக்கு எவ்வளவு கட்டினார் என்று பெயர்வாரியாக அதில் இருக்கும். மாநகராட்சியிடம் பணம் கேட்டு மாதப் பட்டியலைக் (பில்) கொடுக்கும்போது இந்தச் செலானையும் இணைக்கச் சொல்வது வழக்கம். இருபது பேருக்குப் பட்டியல் போட்டுவிட்டுப் பத்துப் பேருக்கு மட்டும் கட்டிய செலானை வைத்தாலும், பெயர்களை எண்ணிப் பார்க்க யாருக்கும் பொழுது இல்லை. பட்டியல் மட்டும் தவறாமல் கையெழுத்தாகிவிடும். ஆகவே நீங்களே எண்ணுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், ஒரு வெள்ளைத்தாளில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, உங்கள் பூங்காவின் காவல் ஒப்பந்த நகலையும், அதில் ஓர் ஆளுக்கு ஒதுக்கிய கூலியையும், மாதந்தோறும் இணைக்கப்பட்ட பி.எஃப்., இ.எஸ்.ஐ. செலான் நகல்களையும் கேளுங்கள். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். தர மாட்டார்கள்; மேல்முறையீடு செய்யுங்கள், அப்போது தருவார்கள். உங்களுக்கு என்று மாநகராட்சி கொடுத்த தொகைக்கும் உங்கள் கைக்கு வந்த தொகைக்கும் உள்ள இடைவெளி அந்தத் தாளில் தெரிந்துவிடும்.

அந்தத் தாள்களோடு பி.எஃப். மண்டல அலுவலகத்தில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். மனுவில் ஒப்பந்ததாரர்கள் மூவரின் பெயரோடு மாநகராட்சியின் பெயரையும் சேர்க்க வேண்டும். ஒப்பந்ததாரர் கட்டாவிட்டால் வேலையை ஒப்படைத்தவர்தான் பொறுப்பு. தொழிலாளர் சட்டங்கள் 2025 நவம்பர் 21 முதல் நான்கு புதிய தொகுப்புகளாக மாறிய பிறகும் கூலி விஷயத்தில் இந்தப் பொறுப்பு அப்படியேதான் இருக்கிறது. "அது ஒப்பந்ததாரர் பாடு, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சொல்லப்படும் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள், யாரும் தர மாட்டார்கள்.

நிரந்தரம் என்ற ஆசையை முழுதாக விட்டுவிட வேண்டுமா என்று நீங்கள் கேட்கக்கூடும். ஒரே ஒரு வாசல் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் காசியாபாத் மாநகராட்சியில், தோட்டக்கலைப் பிரிவில் 1998, 1999 முதல் வேலை செய்த தோட்டக்காரர்களை 2005இல் வாய்மொழியாக நிறுத்திவிட்டார்கள். அவர்கள் ஒப்பந்ததாரரின் ஆட்கள் என்று மாநகராட்சி சொன்னது. ஆனால் அதைக் காட்ட ஆவணம் இல்லை. 2025 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம், அவர்களை மீண்டும் வேலைக்கு எடுக்கவும், பழைய சம்பளத்தில் பாதியைக் கொடுக்கவும், நிரந்தரமாக்குவது பற்றி முறைப்படி பரிசீலிக்கவும் உத்தரவிட்டது. உமாதேவி தீர்ப்பைக் காட்டித் தொழிலாளியை ஆண்டுக்கணக்கில் சுரண்ட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதைப் படித்துவிட்டு நாளைக்கே வழக்குப் போடக் கிளம்பாதீர்கள். அங்கே மாநகராட்சியே நேரடியாக வேலை வாங்கியது நிரூபணமானது. உங்களிடமோ மூன்று ஒப்பந்ததாரர்களின் பெயரில் பி.எஃப். பதிவு இருக்கிறது. உங்கள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டது யார், விடுப்புக் கொடுத்தது யார், எந்தப் பூங்காவுக்குப் போ என்று உத்தரவிட்டது யார், அடையாள அட்டையில் யார் முத்திரை என்ற நான்கு கேள்விகளுக்கும் மாநகராட்சி அலுவலர் என்று பதில் வருமானால், ஒப்பந்தம் வெறும் திரை என்று வாதிட இடம் உண்டு. அப்படியானால் மட்டும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள். வருமான வரம்புக்குள் வருபவருக்கு அங்கே வழக்கறிஞரை இலவசமாகத் தருவார்கள்.

புகார் கொடுத்தது தெரிந்ததும், தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், அல்லது எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிய தாளை நீட்டுவார்கள். எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் ஏ.டி.எம். அட்டை இப்போது சூப்பர்வைசரிடம் இருந்தால், பலருக்கும் அப்படித்தான் இருக்கிறது, மனு எழுதுவதற்கு முன்னால் வங்கிக்குப் போய் அதை முடக்கிவிட்டுப் புதிய அட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.