மாவுக்கட்டைப் பிரித்த பிறகும் வலிக்கிறதே: எலும்பு முறிவு கேள்வி பதில்

மதுரையில் பிசியோதெரபி பார்க்கிறேன். எலும்பு கூடியும் கை கால் பழையபடி வராதவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். வந்திருக்கும் கேள்விகளுக்கு என் துறைக்கு உட்பட்டதைச் சொல்கிறேன். எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்ல வேண்டியதை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

திருமங்கலம் வாசகி: வண்டியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்து ஒரு மாதம் ஆகிறது, எலும்பு கூடிவிட்டது என்கிறார்கள். ஆனால் டம்ளரைக்கூடப் பிடிக்க முடியவில்லையே?

எலும்பு தன் வேலையை முடித்துவிட்டது அம்மா. இறுகிப்போனது விரல் மூட்டுகள். "கட்டுப் போட்ட கையை ஆட்டாதே" என்று வீட்டில் சொல்வார்கள், நாமும் ஆறு வாரம் விரலை அசைக்காமல் தொட்டில் கட்டித் தொங்கவிட்டுவிடுகிறோம். வீக்கத்து நீர் விரலுக்குள்ளேயே தங்கி, நரம்பு மாதிரித் தெரியும் தசைநாண்கள் ஒட்டிக்கொள்கின்றன. ஆட்டக்கூடாதது முறிந்த இடத்தை மட்டும்தான். கட்டுக்கு வெளியே இருக்கும் விரல், முழங்கை, தோள் மூன்றையும் முதல் நாளிலிருந்தே அசைக்க வேண்டும். நான் எல்லாரிடமும் சொல்கிற முதல் விஷயம் இதுதான்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் பூக்கட்டும் அக்கா ஒருவர் இதே நிலையில் வந்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒன்றையொன்று தொடவே இல்லை. ரப்பர் பந்தைக் கொடுத்தால் இரண்டு தடவை அமுக்கிவிட்டு வைத்துவிடுவார். அப்புறம் நனைத்த வாழைநாரையும் ஒரு கை மல்லிகையையும் கொடுத்து, கட்டுங்கள் என்றேன். முதலில் பூ நழுவி மடியில் விழுந்துகொண்டே இருந்தது. முடிச்சு இறுகவில்லை. ஆனாலும் அவர் விடவில்லை, தினமும் கட்டினார். கொஞ்சம் கொஞ்சமாக விரல் நுனிகள் சேர்ந்தன, அப்புறம் பிடியும் வந்தது. தெரிந்த வேலையைச் செய்யும்போது கைக்குப் பயம் குறைகிறது.

நீங்களும் கையைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் வைத்து, முழுதாக மடக்கி முழுதாக விரியுங்கள். கட்டைவிரலால் ஒவ்வொரு விரல் நுனியையும் தொடுங்கள். கரண்டியைப் பிடித்து உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புங்கள். ஒரே தடவையாக வேண்டாம், நாளைக்கு ஐந்தாறு தடவை. பிடி பலம் ஒரு வருடம் வரைகூடக் கூடிக்கொண்டே போகும், மனம் விட்டுவிடாதீர்கள். ஆனால் கை பளபளவென்று சிவந்து, சேலை பட்டாலே எரிகிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரைப் பாருங்கள். அது வேறு பிரச்சினை, சீக்கிரம் பிடித்தால்தான் நல்லது.

மேலூர் வாசகர்: மஞ்சுவிரட்டில் மாடு முட்டி விலா எலும்பில் விரிசல். கட்டே போடாமல் அனுப்பிவிட்டார்கள். சரியா?

சரிதான் தம்பி. விலாவை இறுக்கிக் கட்டினால் மூச்சை முழுதாக இழுக்க முடியாது, சளி தங்கி நிமோனியா வரும். வலி மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டு, மணிக்கு ஒருமுறை பத்து ஆழ்ந்த மூச்சு. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். ஆறு வாரம் ஆகும். மூச்சுத் திணறல், காய்ச்சல், சளியில் ரத்தம், வயிற்றுவலி இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. கீழ் விலாவில் அடி என்றால் உள்ளே கல்லீரலும் மண்ணீரலும் இருக்கின்றன.

சோழவந்தான் வாசகி: மகனுக்கு எட்டு வயது. முழங்கை முறிவு, கட்டுப் பிரித்தாயிற்று. கை நீட்ட வரவில்லை. எண்ணெய் போட்டு நீவி விடலாமா?

வேண்டாம். முழங்கையை நீவவும் கூடாது, பிடித்து இழுத்து நீட்டவும் கூடாது. அடிபட்ட தசையை அழுத்தித் தேய்த்தால் அந்தத் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்து மூட்டு நிரந்தரமாக மாட்டிக்கொள்ளும். பிள்ளையை விளையாட விடுங்கள், அவனாகவே சாப்பிடட்டும், சட்டை போடட்டும். சில மாதங்களில் பெரும்பாலும் தானாக வந்துவிடும்.

உசிலம்பட்டி வாசகர்: என் அப்பா காலை நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கருவும் மூங்கில் பத்தையும் வைத்துக் கட்டினார். இன்றைக்கும் வயலில் நடக்கிறார். புத்தூர் கட்டைக் குறை சொல்வதே உங்களுக்கெல்லாம் வேலை.

அப்பா நன்றாக நடப்பதில் எனக்கும் சந்தோஷம் அண்ணே. மூங்கில் பத்தையும் மாவுக்கட்டும் செய்வது ஒரே வேலைதான்: எலும்பை அசையாமல் வைப்பது. மாவுக்கட்டு இன்றைய வடிவில் வந்ததே 1850களில்தான், அதற்கு முன்னால் உலகம் முழுக்கப் பத்தைதான். விலகாத முறிவு எந்தக் கட்டிலும் கூடும்.

ஆனால் ஆந்திராவில் திருப்பதிக்குப் பக்கத்தில் இருக்கும் புத்தூரின் பெயரை எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் போர்டில் எழுதிக்கொள்ளலாம். எனக்குப் பயம் அந்தப் போர்டு மேல்தான். படம் பார்க்காமல் கட்டுவது, மூட்டுக்குள் போன முறிவைக் கட்டுவது, தோல் கிழிந்து எலும்பு தெரியும் காயத்தின் மேல் பச்சிலை வைப்பது. எல்லாவற்றையும்விட இறுக்கம். முழங்கையில் இறுக்கிக் கட்டிய ஒரு பிள்ளையைப் பார்த்தேன். விரல்கள் நீலம், மெதுவாக நிமிர்த்தினாலே அலறல். இரவெல்லாம் அழுதிருக்கிறான், "கட்டுன வலி, காலையில சரியாயிரும்" என்று படுக்க வைத்திருக்கிறார்கள். ரத்த ஓட்டம் அடைபட்டால் சுமார் ஆறு மணி நேரத்திலேயே தசை சாகத் தொடங்கிவிடும். அந்தக் கை இன்றைக்கும் கொக்கி போல மடங்கித்தான் இருக்கிறது.

அதே வாசகர்: ஆஸ்பத்திரி மாவுக்கட்டில் இது வராதா?

வரும். நியாயமான கேள்வி. அதனால்தான் விரலைப் பார்த்துக்கொண்டே இருங்கள், மரத்தாலோ நீலமானாலோ வலி ஏறிக்கொண்டே போனாலோ திரும்பி வாருங்கள் என்று சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாமல் அனுப்புகிற இடம் எதுவானாலும் தப்புதான்.

வில்லாபுரம் வாசகர்: அப்படியென்றால் சித்த வைத்தியமே தப்பா?

நான் அப்படிச் சொல்லவே இல்லையே. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964லிருந்து நடக்கிறது. அங்கே படித்துப் பட்டம் வாங்கியவரும் போர்டு மாட்டியவரும் ஒன்றல்ல. பட்டம் உண்டா, எக்ஸ்ரே கேட்டாரா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

வாடிப்பட்டி வாசகி: நடுவில் கேட்கிறேன், மன்னிக்கவும். நேற்று மாலை தம்பிக்குக் காலில் கட்டுப் போட்டோம். மாத்திரை கேட்கவில்லை, கால்விரல் மரத்துப்போச்சு என்கிறான். காலையில் போனால் போதுமா?

போதாது. இப்போதே கிளம்புங்கள், வண்டி இல்லையென்றால் 108. ராஜாஜி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு இரவும் திறந்திருக்கும். போனதும் "கட்டுக்குள்ளே விரல் மரத்துவிட்டது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். காலை உயரமாகத் தூக்கி வைக்காமல் நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு போங்கள். மற்றவர்கள் வாதத்தை இத்தோடு நிறுத்திக்கொள்வோம்.

நான்கு பேர் கேட்டது: ஆட்டுக்கால் சூப் குடித்தால் சீக்கிரம் கூடுமா?

குடிக்கலாம், ஆனால் சூப்பில் இறங்கும் கால்சியம் மிகக் குறைவு. கேழ்வரகு நூறு கிராமில் சுமார் 350 மில்லிகிராம் இருக்கிறது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலிக் கருவாடு, பால், முட்டை, பருப்பு, கொஞ்சம் வெயில். பீடி சிகரெட்டை நிறுத்துங்கள். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும்.

ஐந்தாமவர்: நல்லி எலும்பு?

மேலே இருக்கிறது.

ஆறாமவர்: பிரண்டை?

துவையலாகச் சாப்பிடுங்கள். கட்டுக்குப் பதில் அது இல்லை. சாப்பாட்டுக் கேள்விகள் இத்தோடு போதும்.

அனுப்பானடி வாசகர்: அம்மாவுக்கு 72 வயது. பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறிவு. இந்த வயதில் ஆபரேஷன் வேண்டாம், படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

சொந்தக்காரர்கள் பாசத்தில் சொல்கிறார்கள், ஆனால் வயதானவர்களுக்குப் படுக்கைதான் ஆபத்து. படுக்கைப்புண், நிமோனியா, காலில் ரத்தக்கட்டு எல்லாம் அதில்தான் வரும். உடல்நிலை ஒத்துழைத்தால் இரண்டு நாளுக்குள் ஆபரேஷன், மறுநாளே உட்கார வைத்து வாக்கர் பிடித்து நிற்க வைப்பது, இதுதான் முறை. ஆபரேஷனே முடியாது என்று மயக்க மருந்து டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், வயதைக் காரணமாக்காதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் இன்றே கவுண்டரில் காட்டிக் கேளுங்கள். 2021இல் வந்த 48 மணி நேர இலவசச் சிகிச்சைத் திட்டம் சாலை விபத்துக்குத்தான், இதற்கு வராது.

ஒத்தக்கடை வாசகர்: கையை ஊன்றி விழுந்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை, சுளுக்கு என்றார்கள். இரண்டு வாரமாகக் கட்டைவிரல் அடியில் குழியில் வலி.

மறுபடி எக்ஸ்ரே எடுங்கள், இந்த வாரமே. அந்தக் குழிக்கு அடியில் இருக்கும் சின்ன எலும்பின் விரிசல் முதல் படத்தில் தெரியாமல் போவது உண்டு, ரத்த ஓட்டமும் அதற்குக் குறைவு. கவனிக்காமல் விட்டால் எலும்பு கூடாமலே போகலாம். சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள்.

கபடி ஆடுபவர்: திரும்பும்போது முட்டி விலகுது அண்ணே.

ஜவ்வு அடி மாதிரித் தெரிகிறது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு டாக்டரைப் பாருங்கள், தேவைப்பட்டால் எம்ஆர்ஐ சொல்வார்.

சமயநல்லூர் வாசகர்: பெரியவங்களுக்கு முழங்கை நீவலாமா?

சோழவந்தான் அம்மாவுக்குச் சொன்ன பதிலே. எந்த வயதுக்கும் கூடாது.

பழங்காநத்தம் வாசகி: காரை எலும்பு கூடிய இடத்தில் மேடாக இருக்கிறது. எப்போது ஸ்கூட்டி ஓட்டலாம்?

மேடு எலும்பு கூடியதன் தழும்பு, கொஞ்சம் தணியும், முழுதாகப் போகாமலும் இருக்கலாம். கையை வலியில்லாமல் தலைக்கு மேல் தூக்க வருகிறதா, திடீரென்று பிரேக் பிடித்தால் ஹேண்டிலைத் தாங்க முடிகிறதா, எலும்பு கூடியதாக டாக்டர் படம் பார்த்துச் சொன்னாரா, மூன்றும் ஆமாம் என்றால் ஓட்டலாம். பொதுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும்.