கொடுக்க மனம் வராத பொருள்கள்

கேள்வி: தேவைக்கு மேல் எதுவும் வேண்டாம் என்று தீர்மானித்து, வீட்டிலிருந்தவற்றில் பெரும்பகுதியைப் பிறருக்குக் கொடுத்துவிட்டேன். ஆனால் மறைந்த அப்பாவின் கைக்கடிகாரம், அம்மா எழுதிய கடிதங்கள், ஒரு பெட்டி நிறைய அப்பாவின் துணிமணிகள் ஆகியவற்றைக் கொடுக்க மனம் வரவில்லை. இவற்றை வைத்திருப்பது எளிய வாழ்வுக்கு முரணாகுமா?

பதில்: நிச்சயமாக முரணாகாது. எஞ்சியவற்றுக்கு உரிய இடமும் கவனமும் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தானே மற்றவற்றைக் குறைத்தீர்கள்? ஆயினும் இம்மூன்றையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம்.

கடிகாரத்தைக் கட்டிக்கொள்ளுங்கள், பயன்படும் பொருள் ஒருபோதும் சுமையாகாது. அது பேட்டரியில் ஓடுவதாக இருந்து, கட்டாமல் வைப்பதானால், பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். உள்ளேயே விட்டால் கசிந்து பாகங்களை அரித்துவிடக்கூடும்.

கடிதங்கள் ஒன்றுகூட வெளியே போக வேண்டியதில்லை என்பதே என் கருத்து. அம்மாவின் கையெழுத்து, அடித்துத் திருத்திய ஒரு சொல், இடம் போதாமல் தாளின் ஓரத்தில் நெருக்கி எழுதிய கடைசி வரி ஆகியவை வேறெங்கும் கிடைக்காதவை; ஒரு கட்டுக் கடிதம் அடைக்கும் இடமும் மிகச் சிறிது. குண்டூசியும் கிளிப்பும் துருப்பிடித்துத் தாளில் கறை ஏற்றும், ரப்பர் பேண்டு நாளடைவில் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால், அவற்றை நீக்கிவிட்டு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் வையுங்கள்.

துணிகளில்தான் நீங்கள் மனத்தைச் சற்றுத் திடப்படுத்திக்கொள்ள வேண்டும். பெட்டி முழுவதையும் காப்பதைவிட, அப்பா விரும்பி உடுத்திய ஒன்றிரண்டைத் துவைத்து, கஞ்சி போடாமல் வைத்துக்கொள்வது நல்லது. கஞ்சிப் பசை பூச்சிகளை ஈர்க்கும். மற்றவற்றைப் படம் எடுத்துக்கொண்டு கொடுத்துவிடலாம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக மாணவர் விடுதிகளில் நடத்தப்பட்டு 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், நினைவுப் பொருள்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு கொடுக்கும்படி ஊக்குவிக்கப்பட்ட விடுதிகளிலிருந்து 613 பொருள்களும், அவ்வாறு சொல்லப்படாத விடுதிகளிலிருந்து 533 பொருள்களும் நன்கொடையாக வந்தன. நினைவு கைநழுவிப் போகாது என்ற உறுதி கிடைத்துவிட்டால், பொருளை விடுவது எளிதாகிறது.

உடன்பிறந்தோர் இருந்தால், எதையும் வெளியே கொடுக்கும் முன் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நீங்கள் சாதாரணமாக ஒதுக்கும் ஒரு பழைய சால்வைதான் உங்கள் தம்பியோ தங்கையோ கேட்கத் தயங்கிக்கொண்டிருக்கும் பொருளாக இருக்கக்கூடும்.