வேலைத்தலத்துக்கு வீட்டோடு போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கூரைகளில் சூரிய மின் தொகுதி பொருத்தும் தொழில் செய்கிறோம். இருப்பிடம் வெள்ளவத்தை என்றாலும் வேலை பெரும்பாலும் வவுனியா, கிளிநொச்சி, யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கமே கிடைப்பதால் மாதத்தில் பாதி நாள் தங்குவிடுதிகளில் கழிகிறது. கனடாவில் தொலைபேசிக் கோபுரங்களில் கருவிகள் பொருத்தும் என் ஒன்றுவிட்ட அண்ணா, படுக்கை, சமையல், மலசலகூடம் எல்லாம் உள்ள ஆர்.வி. வாகனத்திலேயே தங்கி ஊர் ஊராக வேலை செய்கிறார். எங்களிடம் உயரக் கூரையுள்ள பழைய ஹையேஸ் வான் ஒன்று உண்டு. அதை அவ்வாறு மாற்றினால் சரிவருமா? மின்சாரம், வெக்கை, சட்டம் மூன்றிலும் தெளிவு தாருங்கள்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இருவருக்குச் சரிவரும், மூவருக்குச் சரிவராது. அண்ணாவின் வாகனத்தைப் பார்த்து அதேபோல் இங்கே செய்ய முற்பட்டால் பணமும் வானும் இரண்டும் கெடும். வட அமெரிக்காவில் அத்தகைய வாகனம் வீட்டின் ஒரு பாதிதான். மறு பாதி, அது போய் நிற்கும் தரிப்பிடத்தில் இருக்கிறது. அங்கே 120 வோல்ற் 30 அம்பியர் இணைப்போ, பெரிய வாகனங்களுக்கு 50 அம்பியர் இணைப்போ வாடகையோடு கிடைக்கும். குழாய்த் தண்ணீர் கிடைக்கும். கழிவுநீரை இறக்கும் குழியும் பக்கத்திலேயே இருக்கும். 30 அம்பியர் என்றால் 3,600 வாற்று. குளிரூட்டியை இரவு முழுவதும் ஓடவிடலாம். இலங்கையில் அப்படித் தொடர்ச்சியான தரிப்பிட வலையமைப்பு இல்லை. எனவே அந்த மறு பாதியை ஒவ்வொரு வேலைக்கும் நீங்களே ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கும், அதற்குச் சிறந்த இடம் வாடிக்கையாளரின் வளவுதான்.

விலை மதிப்பீடு எழுதிக் கொடுக்கும்போதே, வேலை முடியும் வரை வானை வளவுக்குள் நிறுத்துவதற்கும், ஒரு 13 அம்பியர் மின்செருகி, கிணற்றடி அல்லது குழாயடி, வெளி மலசலகூடம் ஆகியவற்றைப் பயன்படுத்துவதற்கும் சம்மதம் கேட்டு ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அரிசி ஆலை, பாடசாலை, கடைத்தொகுதி போன்ற இடங்களில் இதற்கு மறுப்பு வருவது அரிது, ஏனெனில் இறக்கி வைத்த பனல்களுக்கு இரவில் ஆள் இருப்பது அவர்களுக்கும் நிம்மதி. தனி வீடுகளில், அதுவும் பெண்கள் மட்டும் இருக்கும் வீடுகளில், இதைக் கேட்கவே வேண்டாம். அந்த வேலைகளுக்கு விடுதியே முறை. தீவின் நீளமே ஏறத்தாழ 430 கிலோமீற்றர்தான் என்பதால் உங்கள் சிக்கல் நெடும்பயணம் அன்று. ஒரே தலத்தில் மூன்று நான்கு இரவுகள் தங்குவதும், வேலை முடிந்தபின் மின்மானி மாற்றும் நாளுக்காக மறுபடியும் போவதும்தான் உங்களை அலைக்கழிக்கின்றன. அந்த இரவுகளுக்குத்தான் வான் உதவும்.

வானின் உள்ளளவை முதலில் அளந்து பாருங்கள். ஒடுங்கிய ஹையேஸின் வெளி அகலமே ஏறத்தாழ 1.7 மீற்றர், உள்ளே குறுக்காகப் படுத்தால் வளர்ந்த ஆணின் கால் நீளாது. ஆகவே நீளவாக்கில் இரு பக்கமும் 70 சென்ரிமீற்றர் அகலப் படுக்கைகள் இரண்டும், அவற்றின் கீழே கருவிப் பெட்டிகளும்தான் நடைமுறைக்கு ஏற்றவை. இன்று புழக்கத்திலுள்ள 550 வாற்றுப் பனல் ஒன்று இரண்டே கால் மீற்றருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ 28 கிலோ எடையும் கொண்டது. அலுமினியச் சட்டங்கள் அதைவிட நீளமானவை. அவற்றை லொறியில் அனுப்பிவிட்டு, வானில் ஆட்களும் கருவிகளும் மட்டும் போவதாகத் திட்டமிடுங்கள். படுக்கைக்கும் பனலுக்கும் ஒரே வானில் இடம் தேடுபவர்கள் கடைசியில் பனலின் மேல்தான் படுக்கிறார்கள்.

மின்சாரத்தைப் பற்றி உங்களுக்கே சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கலாம். ஆனால் கூரை வேலைக்காரருக்கு 12 வோல்ற் உலகம் வேறு. 1,000 வாற்றுச் சுமையை 230 வோல்ற்றில் நாலரை அம்பியர் கொண்டுபோய்விடும். 12 வோல்ற்றில் அதே சுமை, பற்றரி மின்சாரத்தை 230 வோல்ற்றாக மாற்றும் இன்வேர்ட்டரின் இழப்போடு சேர்ந்து 90 அம்பியரைத் தாண்டும். பற்றரிக்கும் இன்வேர்ட்டருக்கும் இடையில் 35 சதுர மில்லிமீற்றர் வயர் போடுங்கள், தூரத்தை ஒரு மீற்றருக்குள் வையுங்கள், பற்றரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாணுக்குள் உருகி (பியூஸ்) இருக்கட்டும். இரண்டு 12 வோல்ற் விசிறிகள் ஒன்பது மணித்தியாலம் ஓட ஏறத்தாழ 360 வாற்று மணி, சிறிய கொம்பிரசர் குளிர்சாதனப் பெட்டிக்கு நாளுக்கு 500, விளக்கு, கைப்பேசி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் 250 என்று கூட்டினால் நாளொன்றுக்கு 1,100 வாற்று மணி வருகிறது. 200 அம்பியர் மணி லிதியம் இரும்பு பொஸ்பேற்றுப் பற்றரி ஒன்றில் ஏறத்தாழ 2,560 இருப்பதால், மழையோ வெயிலோ இரண்டு இரவுகள் தாங்கும். வான் கூரையில் மல்லாந்து கிடக்கும் 400 வாற்றுப் பனல்கள், சூட்டையும் தூசியையும் கழித்து, நல்ல வெயில் நாளில் அந்த 1,100ஐ ஈடுசெய்யும். துளைகருவிப் பற்றரிகளை வான் பற்றரியில் ஏற்ற வேண்டாம். 18 வோல்ற் 5 அம்பியர் மணிப் பற்றரி ஆறு இருந்தாலே 540 வாற்று மணி போய்விடும். அவற்றைப் பகலில் தலத்திலேயே ஏற்றுங்கள். வளவின் மின்சாரத்தை வானுக்கு எடுக்கும்போது வானுக்குள்ளேயே, மின் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒன்று இருக்க வேண்டும், வானின் உடல் நில இணைப்போடு சேர்ந்திருக்க வேண்டும். அந்த வீட்டின் வயரிங் எத்தனை பழையது என்று முதல் இரவில் உங்களுக்குத் தெரியாது.

வெக்கைதான் உண்மையான சோதனை. ஏப்ரல், மே மாதங்களில் யாழ்ப்பாணத்தில் இரவிலும் வெப்பம் 27 பாகையை ஒட்டியே நிற்கும். பகலில் காய்ந்த தகரக் கூரை நடுச்சாமம் வரை சூட்டைக் கக்கும். உட்கூரைக்கும் பக்கங்களுக்கும் 25 மில்லிமீற்றர் மூடிய துளை நுரைத் தகடு ஒட்டி, கூரைக்கு வெள்ளை பூசி, கூரையில் காற்றை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றும், எதிர்ப்பக்கம் தாழ்வாக வலையிட்ட யன்னலும் வைத்தால் பெரும் வேறுபாடு தெரியும். சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் மாதங்களில் அந்த யன்னலைத் தெற்கே காட்டி நிறுத்துங்கள். மட்டக்களப்பில் கச்சான் என்னும் சூடான மேல்காற்று அடிக்கும்போது மரநிழல்தான் மருந்து. குளிரூட்டியை நாடினால், 9,000 பீ.ரீ.யூ. கருவி ஏறத்தாழ 800 வாற்று இழுக்கும். அதற்குப் பற்றரி கட்டிக்கொண்டு ஓடினால் உங்கள் வேலைக் கருவிகளுக்கு இடமிருக்காது. வளவு மின்சாரத்தில் மட்டும், அவர்களின் மின்பட்டியல் உயரும் தொகையைக் கொடுத்துவிட்டு, ஓடவிடுங்கள். என்ன வெக்கையானாலும் எஞ்சினை ஓடவிட்டு வான் ஏசியில் உறங்காதீர்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமும் மணமும் இல்லை; உறங்குபவர் எழும்பவே மாட்டார்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உறக்கம்தான். நீங்கள் மறுநாள் ஏறப்போவது ஓட்டுக் கூரையில் அல்லது அஸ்பெஸ்ரஸ் தகட்டில். கையில் பிடிக்கப்போவது சில நூறு வோல்ற் நேர்மின்னோட்டக் கம்பி. விடுதிக் கட்டிலில் ஏழு மணித்தியாலம் உறங்கியவர் வானுக்குள் நான்கு மணித்தியாலம்தான் உறங்குகிறார் என்றால், மிச்சம்பிடித்த வாடகை எதற்கும் ஆகாது. உங்களில் ஒருவர் முதலாளியாகவும் மற்றவர்கள் சம்பளத்துக்கும் இருந்தால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: வான் வந்துவிட்டது என்பதற்காகத் தங்குவதற்கான படிப்பணத்தை முழுவதுமாக வெட்டுவது நியாயமன்று.

சட்டத்தில் அடிப்படை இதுதான். பதிவுச் சான்றிதழில் உள்ள விபரத்தை, அதாவது ஆசனங்களின் எண்ணிக்கை, உடலமைப்பு, நிறம் போன்றவற்றை, மாற்றும் வேலை எதுவானாலும் நாரஹேன்பிட்டியிலுள்ள மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் முன்கூட்டியே விசாரித்து அனுமதி பெற்ற பின்னரே டிங்கரிங் கராஜுக்குப் போங்கள். ஆணி கழற்றினால் வெளியே வரக்கூடிய படுக்கைகளாகச் செய்வது எல்லா வகையிலும் நல்லது. காப்புறுதி நிறுவனத்துக்கு லிதியம் பற்றரியையும் இன்வேர்ட்டரையும் பற்றி எழுத்தில் அறிவியுங்கள். அறிவிக்காத மாற்றம், தீ விபத்து வந்தால் இழப்பீட்டை மறுக்கக் காரணமாகிவிடும்.

சட்டத்தில் எழுதப்படாத ஒன்று அதைவிட முக்கியமானது. வடக்கிலும் கிழக்கிலும், கொழும்பிலும்கூட, இரவில் ஒழுங்கைக்குள் நிற்கும் அறியாத வான் நம் மக்களுக்கு வெறும் வாகனமாகத் தெரிவதில்லை. வெள்ளை வானில் ஆட்கள் கொண்டுபோகப்பட்ட காலத்தைக் கடந்து வந்த தாய்மார் இன்னும் அந்த வீடுகளில் இருக்கிறார்கள். கண்ணாடி கறுத்து, பெயரில்லாமல் ஒரு வான் வேலியோரம் நின்றால் அந்த வீட்டில் அன்று யாரும் உறங்க மாட்டார்கள். ஆகவே வானின் இரு பக்கமும் உங்கள் நிறுவனப் பெயரும் தொலைபேசி இலக்கமும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிதாக இருக்கட்டும். போன அன்றே வெளிச்சத்தில் அயல் வீட்டாரிடம் போய் யார், எதற்கு, எத்தனை நாள் என்று சொல்லுங்கள். கிராம சேவகரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அடையாள அட்டையோடு வேலைக் கடிதத்தின் பிரதியும் வானில் இருந்தால், இரவில் பொலிஸார் தட்டிக் கேட்டாலும் பேச்சு சுருக்கமாக முடியும். வழியில் தங்க நேர்ந்தால் இரவு முழுவதும் திறந்திருக்கும் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் அனுமதி கேட்டு நில்லுங்கள். ஹபரணை, மின்னேரியாப் பக்கமோ புத்தள – கதிர்காமம் வீதியிலோ வானுக்குள் வாழைப்பழத்தோடு உறங்குவது யானையை வீட்டுக்கு அழைப்பதாகும்.

கேள்வி: மருத்துவ ஆய்வுகூடக் கருவிகள் பொருத்தும் என் மகன், சக ஊழியர் ஒருவரோடு வானில் தங்கி வேலைக்குப் போகிறான். வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று உள்ளேயே எரிவாயு அடுப்பு வைத்துச் சமைக்கிறான். எனக்குப் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: அம்மா, உங்கள் பயம் சரியானது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கி, படுக்கைக்குக் கீழே பற்றரிப் பெட்டி வரைக்கும் போய்ச் சேரும். ஒரு சிறு பொறி போதும். 2021 இன் கடைசி மாதங்களில் நாடெங்கும் வீடுகளில் அடுப்புகள் வெடித்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவை சுவரும் யன்னலும் உள்ள குசினிகள், இதுவோ நான்கு பக்கமும் மூடிய தகரப் பெட்டி.

மகன் எரிவாயுவை விடவே மாட்டேன் என்றால், 2.3 கிலோ சிலிண்டரை மட்டும், வானுக்குப் பின்கதவுக்கு வெளியே இறக்கி வைத்துத் திறந்த வெளியில் சமைக்கச் சொல்லுங்கள். ஓடும்போது வால்வு இறுக்கிப் பூட்டி நிமிர்த்திக் கட்டியிருக்க வேண்டும், வானின் தரைமட்டத்தில் காற்றுப் போகும் துளையும் இருக்க வேண்டும். அதைவிட நல்ல வழி, தலத்து மின்சாரத்தில் ஒரு சிறிய ரைஸ் குக்கர். சோறு, பருப்பு, அவித்த மரக்கறி இவ்வளவும் அதிலேயே முடியும். கறியை மட்டும் நம்பிக்கையான சாப்பாட்டுக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கருவிகளை வைக்கும் ஆய்வுகூடத்தில் ஒரு மேசை ஓரம் மின்செருகி கிடைக்காமலா போகும்? குடிதண்ணீரை மூடியுள்ள 20 லீற்றர்க் கான்களில் எடுத்துச் செல்லட்டும். பாதையோரக் கிணற்று நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

இன்னொன்று நுளம்பு. 2016 இல் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது உண்மை. டெங்கு அப்படிப் போய்விடவில்லை. அந்த நுளம்பு பகலில், காலையிலும் மாலையிலும் கடிப்பது. வடக்கில் ஒக்ரோபரிலிருந்து தை வரையிலான மழைக்காலத்தில் யன்னல் வலைகளில் ஓட்டை இருக்கக்கூடாது. வானுக்கு அடியில் வைத்திருக்கும் வாளியில் தண்ணீர் தேங்கவிடக்கூடாது. இரண்டு நாளுக்கு மேல் காய்ச்சல் என்றால் வேலையை விட்டு அருகிலுள்ள ஆஸ்பத்திரியில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும், அஸ்பிரின் வகை மாத்திரை எடுக்கவே கூடாது என்று மகனிடம் சொல்லி வையுங்கள்.

கேள்வி: சிசிரிவி கமரா பொருத்தும் வேலைக்காக நாடு முழுவதும் போகிறேன். வாகன இறக்குமதி திறந்துவிட்டதே, வெளிநாட்டிலிருந்து ஆயத்தமான முகாம் வாகனம் ஒன்றை எடுப்பது நல்லதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கினாலும் வரிகள் கடுமையானவை, அத்தோடு குளிர் நாட்டுக்காகச் செய்த வாகனத்தில் நீங்கள் கொடுக்கும் விலையின் பெரும்பகுதி சூடேற்றிக்கும் உங்களுக்குத் தேவையற்ற தளபாடங்களுக்கும் போகும். தெரிந்தவரின் வானை ஒரு மாதம் வாடகைக்கு எடுத்து, இரண்டு மெத்தை, ஒரு விசிறி, ஒரு பற்றரியோடு அனுராதபுரம், மன்னார், அம்பாந்தோட்டை என்று வழக்கமான சுற்றை ஒருமுறை போய் வாருங்கள். விடுதிப் பற்றுச்சீட்டுகள், எரிபொருள், வாடகை மூன்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கள். கமரா வேலை பெரும்பாலும் ஒரே நாளில் முடிவது. உங்கள் கொப்பியில் வெளியில் தங்கிய இரவுகள் மாதத்துக்கு ஐந்தாறுக்குள் நின்றால், வாகனத்துக்கு ஒதுக்கிய பணத்தில் நல்ல ஏணி ஒன்றும் பூட்டுள்ள கருவிப் பெட்டியும் வாங்கிவிட்டு விடுதியிலேயே தங்குங்கள்.