பாரிஸ் தீயணைப்புப் படையின் சின்னத்தில் கப்பல் ஏன் இருக்கிறது?

தீயை அணைக்கும் தண்ணீரைக் குறிக்கத்தான் கப்பலை வைத்திருக்கிறார்கள் என்று நானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில் அந்தக் கப்பல் பாரிஸ் நகரத்தினுடையது. இடைக்காலத்தில் சேன் ஆற்றுப் போக்குவரத்தைத் தன் கைக்குள் வைத்திருந்த வணிகர் குழு தன் முத்திரையில் பொறித்திருந்த படகே, பிற்பாடு நகரத்தின் சின்னமாயிற்று. ‘அலைக்கழிந்தாலும் மூழ்காது’ என்று பொருள்படும் லத்தீன் வாசகம் 1853இல், பாரிஸின் தெருக்களைப் புதிதாக வடிவமைத்த ஓஸ்மான் நகர நிர்வாகத்தை ஏற்ற ஆண்டில், அதனுடன் அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது.

கப்பலோடு காணப்படும் சுடருக்கும் எரியும் வீட்டுக்கும் தொடர்பில்லை. அது தீ கக்கும் எறிகுண்டு. பிரெஞ்சு இராணுவத்தின் பழைய அடையாளம். தீயணைப்போருக்கு இராணுவ அடையாளம் எப்படி வந்தது என்பதுதான் இந்தச் சின்னத்தின் சுவையான பகுதி. நெப்போலியன் ஆஸ்திரிய இளவரசி மரீ லூயிஸை மணந்ததைக் கொண்டாட, ஆஸ்திரியத் தூதர் ஷ்வார்ட்சென்பெர்க் 1810 ஜூலை 1 அன்று நடன விருந்து அளித்தார். அதற்கென்று மரத்தால் தற்காலிகமாக எழுப்பிய கூடத்தில், மெழுகுவர்த்திச் சுடர் திரைச்சீலையைப் பற்றி, தூதரின் அண்ணன் மனைவி உட்படப் பலர் மாண்டனர். அப்போதிருந்த தீயணைப்போரிடம் ஒழுங்கும் இல்லை, கட்டளைக்குப் பணியும் வழக்கமும் இல்லை என்பதைப் பேரரசர் நேரிலேயே கண்டுவிட்டார். 1811 செப்டம்பர் 18ஆம் நாள் ஆணையின்படி அந்தப் பணி ஒரு படைப்பிரிவிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்றும் அது இராணுவப் பொறியாளர் பிரிவைச் சேர்ந்ததே. பாரிஸையும் அதைச் சூழ்ந்த மூன்று மாவட்டங்களையும் காக்கும் அதன் தலைவர் ஒரு ஜெனரல். (மார்செய் நகரில் இதே பணி கடற்படையிடம் இருப்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது.)

ஆகவே கப்பல் நகரம் தந்தது, குண்டு இராணுவம் தந்தது. படைக்கே உரியது என்று நான் கருதுவது ‘காப்பாற்றுதல் அல்லது மடிதல்’ என்னும் அதன் குறிக்கோள் வாசகத்தை மட்டுமே. பிரெஞ்சு மூலத்திலும் இரண்டு வினைகள்தாம் உள்ளன. யார் செய்வது என்று சொல்லும் எழுவாய் இல்லை. மூழ்காது என்ற உறுதியை நகரம் தன் கப்பலுக்குத் தந்திருக்க, அதைக் காப்பவர்கள் தங்களுக்கு அப்படியொரு உறுதியைக் கோரவில்லை. படையினரின் அணிவகுப்பில், பணியில் இறந்தவர்களின் பெயர்கள் வருகைப் பதிவைப் போல ஒவ்வொன்றாக அழைக்கப்படுவதுண்டு. அப்போது வரும் பதில், ‘தீயில் மாண்டார்’ என்பது.