பள்ளி நூலகத்துக்கு எல்லாக் குழந்தைகளுக்கும் இடம் தரும் புத்தகங்களை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

பள்ளி நூலகராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்து வருகிறேன். புதுப் புத்தகம் வந்தால் எழுத்தைப் படிக்காமல் முதலில் படங்களை மட்டும் கடைசிவரை புரட்டுவேன். சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை தென்பட்டால், அந்தப் பிள்ளை கதையில் என்ன செய்கிறது என்று பார்ப்பேன். பல புத்தகங்களில் ஓரமாக உட்கார்ந்து மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துச் சிரிக்கும். சிலவற்றில் பெரிய சாதனை ஒன்றைச் செய்து காட்டிய பிறகுதான் அதைக் கூட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். இந்த இரண்டு வகையையும் நான் வாங்குவதில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொள்கிற, தோழியிடம் கோபித்துக்கொள்கிற, தொலைந்த நாய்க்குட்டியைத் தேடி அலைகிற பிள்ளையாக அது இருக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி துப்பறியும் கதை ஒன்றை எடுத்தாள். அதில் வரும் பெண்ணின் காதில் காது கேட்கும் கருவி இருக்கும். கதையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இராது. சிறுமி அந்தப் படத்தில் விரலை வைத்தாள், பிறகு தன் காதில் இருந்த கருவியைத் தொட்டாள். ஒன்றும் பேசவில்லை. அந்தப் புத்தகத்தை மூன்று முறை தொடர்ந்து எடுத்துப் போனாள்.

குழந்தைக்குப் புத்தகம் தன்னையே காட்டும் கண்ணாடியாகவும் பிறர் வாழ்க்கையைக் காட்டும் ஜன்னலாகவும் இருக்க வேண்டும் என்று அமெரிக்கக் கல்வியாளர் ருடின் சிம்ஸ் பிஷப் 1990இல் எழுதினார். அன்று நான் பார்த்தது கண்ணாடி.

உங்கள் அலமாரியை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். 1965இல் நான்சி லாரிக் என்ற கல்வியாளர் அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் வெளிவந்த ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறார் நூல்களை ஆராய்ந்தார். கறுப்பினத்தவர் ஒருவராவது இடம்பெற்றவை 6.7 சதவீதமே. நானும் என் படக்கதை அலமாரியை எண்ணினேன். கரடியும் முயலும் நாயகர்களாக வரும் புத்தகங்கள் நிறைய இருந்தன. பார்வையற்ற ஒரு பிள்ளையைக்கூட எங்கும் காணவில்லை. அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்று: இப்படிப்பட்ட பிள்ளைகள் வரும் புத்தகங்களைத் தனி அலமாரியில் பெயர்ப்பலகை மாட்டி அடுக்காதீர்கள். நானும் முதலில் அப்படித்தான் அடுக்கினேன், யாரும் அந்தப் பக்கம் வரவில்லை. 1931இல் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகங்களுக்கு வகுத்த ஐந்து விதிகளில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. தனி அலமாரி அந்த வாசகரை வாசலிலேயே தடுத்துவிடுகிறது. பலகையைக் கழற்றி, துப்பறியும் கதையைத் துப்பறியும் கதைகளோடு வைத்தேன். அடுத்த வாரம் அதை எடுத்தவன் காது நன்றாகக் கேட்கும் ஒரு பையன். திருடன் யார் என்று யாரும் முன்கூட்டியே சொல்லிவிடக் கூடாது என்பதுதான் அவனுடைய ஒரே கவலை.