வறட்டு இருமலுக்கு ஸ்பீச் தெரபியா?

கேள்வி: வயது 46, பள்ளி ஆசிரியை. ஏழு மாதமாக வறட்டு இருமல். சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எல்லாம் நார்மல். இன்ஹேலர், அசிடிட்டி மாத்திரை இரண்டும் போட்டுப் பார்த்தாயிற்று. கொஞ்ச நேரம் பேசினாலோ, தாளிக்கிற நெடி பட்டாலோ இருமல் பிடித்துக்கொள்கிறது. இப்போது ஸ்பீச் தெரபிஸ்டிடம் போகச் சொல்கிறார்கள். இது மனப் பிரச்சினை என்கிறார்களா?

பதில்: இல்லை. பெரியவர்களுக்கு எட்டு வாரம் தாண்டிய இருமலை நாட்பட்ட இருமல் என்கிறோம். உங்களுக்கு இருமலைத் தூண்டும் நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிட்டிருக்கலாம். மற்றவருக்கு ஒன்றுமே செய்யாத நெடி உங்களை இரும வைக்கிறது. இருமினால் குரல்வளை உரசிப் புண்படும், புண்பட்ட இடம் மறுபடி நமைக்கும். இந்தச் சுழலை அறுப்பதுதான் ஸ்பீச் தெரபியில் தரும் பயிற்சியின் வேலை. குரல்வளையைக் கையாளத் தெரிந்தவர் என்பதால்தான் ஸ்பீச் தெரபிஸ்ட்.

2006-இல் ஆஸ்திரேலியாவில் 87 பேரிடம் நடந்த ஆய்வில், பயிற்சி எடுத்தவர்களில் 88 சதவீதம் பேருக்குக் குணம் தெரிந்தது. பொதுவான ஆரோக்கிய ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 14 சதவீதம்.

செய்முறை எளிது, சரியான நொடியில் தொடங்குவதுதான் கடினம். தொண்டையில் முதல் குறுகுறுப்பு தெரிந்ததுமே வாயை மூடி எச்சிலை அழுத்தி விழுங்குங்கள், அல்லது ஒரு வாய் தண்ணீர். பிறகு மூக்கால் மெல்ல முகர்வதுபோல் மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவதுபோல் நிதானமாக ஊதுங்கள். தோள் தொங்கட்டும், தாடை தளரட்டும். உந்துதல் அடங்கும்வரை திரும்பச் செய்யுங்கள்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். இருமல் வெடித்த பிறகு ஆரம்பித்தால் பிடி கிடைக்காது. மூச்சை இறுக்கிப் பிடித்து அடக்கினால் தொண்டை இன்னும் இறுகும். இருமல் இல்லாத நேரத்திலும் தினம் பல தடவை, ஒவ்வொரு தடவையும் ஐந்து மூச்சாவது பழகினால்தான் தேவைப்படும்போது கை கொடுக்கும். இன்னொன்று, செருமுவதும் அரை இருமல்தான்! அதற்குப் பதிலாகவும் விழுங்குங்கள். வகுப்பில் தண்ணீர் பாட்டிலை எட்டும் தூரத்தில் வையுங்கள். சத்தத்துக்கு மேல் கத்தாதீர்கள். மென்தால் மிட்டாய் சிலருக்குத் தொண்டையை வறட்டும்.

பெரும்பாலும் மூன்று நான்கு அமர்வுகள் போதும். ஓரளவு கட்டுப்பட்ட பின், தாளிப்பு நெடி, நீண்ட பேச்சு என்று தூண்டுபவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ளப் பழக்குவார்கள்.

ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவே இருமலைத் தரும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் மாற்றித் தரக் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். மாற்றிய பிறகும் இருமல் அடங்கச் சில வாரம் பிடிக்கும். சளி நிறைய வரும் இருமலை இப்படி அடக்கக் கூடாது. ரத்தம், மாலைக் காய்ச்சல், எடை குறைவு, மூச்சுத்திணறல், ஆறாத குரல் கரகரப்பு இவற்றில் எது வந்தாலும் பயிற்சியைத் தள்ளிவைத்துவிட்டு நுரையீரல் மருத்துவரைப் பாருங்கள்.